எச்சமும் முதலும்: காவிரி வெள்ளத்தின் மறுவரவு

பெருவெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்ற கேள்வி பொறியாளரின் மேசையில் பிறந்தாலும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. இன்னும் வராத ஒன்றைப் பற்றி மனிதனால் எதையாவது அறிய முடியுமா? வெள்ளம் விதித்தபடி வருகிறதா, செய்த பிழைக்குத் தண்டனையாக வருகிறதா, இரண்டுமில்லாமல் மழையும் மலையும் கூடும்போது வருகிறதா? எப்போது வரும் என்று தெரியாத நிலையில், ஆற்றோரம் வாழ்கிறவர்களுக்கு மற்றவர்கள் செய்ய வேண்டிய கடமை எது? காவிரிக் கரையில் இந்தக் கேள்விகள் மிகப் பழையவை. சாத்தனாரின் மணிமேகலை இவற்றில் பலவற்றை நேராகவே எடுத்துப் பேசுகிறது.

காவிரி வெள்ளம் பற்றிய எந்தக் கணக்கும் 1924 ஜூலையில்தான் தொடங்க வேண்டும். அந்த மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய மழை, மலையின் மேற்குப் பக்கத்தில் கேரளத்தை மூழ்கடித்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நடந்ததால் அங்கே அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள். கிழக்குப் பக்கத்தில் அதே மழை குடகிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் காவிரியிலும் கபினியிலும் இறங்கியது. மேட்டூரில் அப்போது அணை இல்லை. அந்த இடத்தைக் கடந்த நீர் வினாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வடக்கே கொள்ளிடத்தின் மேலிருந்த பாலம் சேதமடைந்து, 1928இல் புதிய இரும்புப் பாலம் கட்டப்பட்டது. சென்னை, மைசூர் அரசுகளின் காவிரி உடன்படிக்கை கையெழுத்தானதும் வெள்ளம் வந்த 1924ஆம் ஆண்டின் பிப்ரவரி 18ஆம் தேதிதான். மறு ஆண்டு மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934இல் முடிந்தது.

1924 ஏப்ரலில் பிறந்த தமிழ் ஆண்டு ரக்தாட்சி. சுவாமிமலைக் கோயிலின் கட்டுமலையில் ஏறுகிறவர்கள் மிதிக்கும் படிகள் 60. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுகளே அந்தப் படிகள் என்பது மரபு. வரிசையாக எண்ணினால் ரக்தாட்சி 58ஆம் படி. அதற்கு மேல் இரண்டே படிகள், பிறகு தகப்பனுக்கே பிரணவத்தின் பொருள் சொன்ன சுவாமிநாதன் சந்நிதி. 60 ஆண்டு முடிந்தால் அதே பெயர்கள் அதே வரிசையில் திரும்பும். பெயர் திரும்பும்போது அந்த ஆண்டின் பலனும் திரும்பும் என்ற எண்ணமும் கூடவே வரும். பஞ்சாங்கத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் மழைப் பலன் எழுதப்படுவது இந்த எண்ணத்தின் மேல்தான்.

1984 ஏப்ரலில் ரக்தாட்சி திரும்பி வந்தது. 1924இன் வெள்ளம் திரும்பவில்லை. அணை கட்டிய பிறகு மேட்டூர் கண்ட மிகப் பெரிய வெள்ளங்களில் ஒன்று 1961இல் வந்த சுமார் 3 லட்சம் கன அடி. அது பிலவ ஆண்டு. 2018 ஆகஸ்டில் சுமார் 2 லட்சம் கன அடி வந்தது விளம்பியில். படிகளின் வரிசைக்கும் வெள்ளத்தின் வரிசைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. இதனால் 60 ஆண்டுச் சக்கரம் பயனற்றது என்றாகாது. அது வியாழனும் சனியும் சேர்ந்து வரும் கணக்கோடு ஒட்டியது. ஒரு மனித வாழ்வை அளக்க மிக அழகான அளவுகோல். ஆனால் கிரகம் திரும்புவது ஒரு விதம், வெள்ளம் திரும்புவது வேறு விதம். முன்னதற்கு நாள் குறிக்கலாம், பின்னதற்கு முடியாது. இந்த வேறுபாடு பிடிபடாதவரை நூறாண்டு வெள்ளம் என்ற சொல் தவறாகவே புரிந்துகொள்ளப்படும்.

நூறாண்டு வெள்ளம் என்று நீரியலார் சொல்வது நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் வெள்ளத்தை அல்ல. எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும், அந்த அளவை எட்டும் அல்லது மிஞ்சும் வெள்ளம் அந்த ஆண்டில் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். சென்ற ஆண்டு வந்துவிட்டது என்பதால் இந்த ஆண்டின் வாய்ப்பு குறையாது. தொண்ணூறு ஆண்டாக வரவில்லை என்பதால் கூடவும் செய்யாது. ஒரு பையில் நூறு புளியங்கொட்டைகள், அதில் ஒன்றை மட்டும் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்பதாகக் கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை கையைவிட்டு ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போட்டுக் குலுக்க வேண்டும். திரும்பப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. எடுத்ததை வெளியே வைத்துக்கொண்டே போனால் நூறு முறைக்குள் வெள்ளைக் கொட்டை நிச்சயம் வரும். திரும்பப் போட்டால் நூறு முறை எடுத்தும் வராமல் போகலாம், அடுத்தடுத்து இரண்டு முறையும் வரலாம். ஆறு கொட்டையைத் திரும்பப் போடுகிறது.

இந்தக் கணக்கை சுவாமிமலைப் படிகளில் ஏற்றிப் பார்க்கலாம். ஓர் ஆண்டில் நூறாண்டு வெள்ளம் வராமலிருக்க வாய்ப்பு நூற்றுக்கு 99. இரண்டு ஆண்டும் வராமலிருக்க 0.99ஐ 0.99ஆல் பெருக்க வேண்டும். இப்படியே 60 படிக்கும் பெருக்கினால் சுமார் 0.55 மிஞ்சும். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு நூறாண்டு வெள்ளத்தையாவது பார்த்திருக்க நூற்றுக்கு 45 வாய்ப்பு, பார்க்காமலிருக்க 55. நூறு ஆண்டு முழுதும் எடுத்துக்கொண்டாலும் வாய்ப்பு 63தான் ஆகிறது. முப்பது ஆண்டுக் கடனில் வீடு கட்டுகிறவர் கடனை அடைத்து முடிப்பதற்குள் அப்படி ஒரு வெள்ளம் வர நூற்றுக்கு 26. நூறாண்டுக்கு ஒன்று என்று கேட்டவுடன் நம் காலத்தில் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவது சரியல்ல என்பதை இந்த 26 காட்டுகிறது.

இந்த நூறில் ஒன்று என்ற அளவு எங்கிருந்து வருகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னை மாகாணப் பொறியாளர்களிடம் நீண்ட பதிவுகள் இல்லை. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பை எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைப் பார்த்து, கடற்கரையிலிருந்து உள்ள தொலைவுக்கும் மலைக்கும் ஏற்ற ஒரு மாறிலியால் பெருக்கினார்கள். 1884இல் வந்த ரைவ்ஸ் சூத்திரம் என்ற இந்த முறை தென்னிந்தியாவில் வெகுகாலம் ஏரிக் கலுங்குக்கும் சிறு பாலத்துக்கும் அளவு சொன்னது. எவ்வளவு பெரிய வெள்ளம் என்று அது சொல்லும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லாது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேட, ஆண்டுதோறும் வந்த மிகப் பெரிய ஓட்டத்தை மட்டும் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறார்கள். 90 ஆண்டுப் பதிவு இருந்தால், முதலிடத்தில் உள்ள வெள்ளத்துக்கு 91 ஆண்டு, இரண்டாவதற்கு 45 ஆண்டுக்குச் சற்றே கூடுதல், மூன்றாவதற்கு 30 ஆண்டு என்று ஒரு முதல் மதிப்பீடு கிடைக்கும். அதற்கு அப்பாலுள்ள 200 ஆண்டு, 1000 ஆண்டு வெள்ளத்துக்கு இந்தப் புள்ளிகளின் மேல் ஒரு வளைகோட்டைப் பொருத்தி நீட்ட வேண்டும்.

நீட்டும் வழிகளில் மிகவும் பெயர்பெற்றது எமில் யூலியஸ் கும்பெல் 1941இல் வெளியிட்டது. ஜெர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை எண்ணிப் பதிவு செய்து, எந்தப் பக்கத்துக் கொலையாளிக்கு எவ்வளவு தண்டனை கிடைத்தது என்று அட்டவணை போட்டுக் காட்டியவர் அவர். அதனால் பதவியையும் நாட்டையும் இழந்து, பிரான்ஸ் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பலர் பார்க்க மறுத்ததை எண்ணிக் காட்டிய அந்தக் கை பிறகு வெள்ளங்களை எண்ணியது என்பது அவரைப் பற்றி நினைவில் வைக்கத் தக்க செய்தி.

காவிரியில் இந்த எண்ணிக்கை எளிதல்ல. ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழையால் குடகிலிருந்தும் கபினியிலிருந்தும் வரும் வெள்ளம் ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாலும் புயலாலும் பவானி, நொய்யல், அமராவதி வழியாக மேட்டூருக்குக் கீழே சேரும் வெள்ளம் இன்னொன்று. 1977 நவம்பரில் நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயலின் மழை திருச்சியை மூழ்கடித்தபோது, மேற்கு மலைக்கு அதில் வேலை இல்லை. இரண்டு தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி உயரம் பார்ப்பது போல, இரண்டு வகை வெள்ளத்தையும் கலந்து ஒரு வளைகோட்டில் பொருத்தினால் விடை பிசகும். தனித்தனியே கணக்கிட்டுப் பிறகு சேர்ப்பதே முறை.

இங்கே ஒரு பழைய விவாதம் உதவிக்கு வருகிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, அறிவு பெறும் வழிகளை அடுக்கும்போது அனுமானத்தை மூன்றாகப் பிரிக்கிறான்: பொது, எச்சம், முதல். கண்ணில் படாத யானையை அதன் பிளிறலைக் கேட்டு அறிவது பொது. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்தது என்று அறிவது எச்சம். கருத்த மேகத்தைப் பார்த்து மழை பெய்யும் என்று சொல்வது முதல். இந்தப் பாகுபாடு கௌதமரின் நியாய சூத்திரத்திலும், அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையிலும் உள்ளதே. உரையில் எச்சத்துக்குத் தரப்படும் எடுத்துக்காட்டும் ஆற்றுவெள்ளம்தான்.

விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது எச்சம். காரணத்திலிருந்து விளைவுக்குப் போவது முதல். ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் காலை காவிரியில் நீர் செம்மண் நிறமாகி, நுரையும் சருகும் மிதந்து வந்தால், குடகில் மழை என்று சொல்லிவிடலாம். அது எச்சம், நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது, உறுதி அதிகம். நூறாண்டு வெள்ளம் என்பது முதல் வகையைச் சேர்ந்தது, வரப்போவதைப் பற்றியது. மேகம் கருத்தும் காற்று கலைத்துவிடலாம். அதனால்தான் இங்கே நிச்சயத்துக்குப் பதில் வாய்ப்பு என்ற அளவு வைக்க வேண்டியிருக்கிறது. முதலுக்கு எச்சத்தின் உறுதியை ஏற்றிவிடுவதே வெள்ளக் கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழை: கடந்த 90 ஆண்டை அளந்தோம் என்பதாலேயே அடுத்த 90 ஆண்டை அளந்துவிட்டதாக நினைப்பது.

நியாய சூத்திரம் இந்த எடுத்துக்காட்டைச் சொன்னதோடு விடவில்லை. அதன் மேல் ஓர் எதிர்வாதியையும் ஏவுகிறது. ஆறு பெருகுவதற்கு மழை மட்டுமா காரணம்? கீழே எங்கோ அடைப்பு ஏற்பட்டு நீர் தேங்கினாலும் ஆறு பெருகுமே; அப்படியானால் வெள்ளத்தைக் கண்டு மழையை எப்படி நிச்சயிப்பது? சூத்திரகாரர் தரும் விடை, அடைப்பால் பெருகும் ஆறும் மழையால் பெருகும் ஆறும் ஒன்றல்ல என்பது. மழை வெள்ளத்துக்கு வேகம் உண்டு, நுரை உண்டு, பழமும் இலையும் மரக்கட்டையும் அடித்துக்கொண்டு வரும் என்று உரை விளக்குகிறது. கூர்ந்து பார்த்தால் பிழை வராது. பார்க்காமல் முடிவு கட்டுவதுதான் பிழை.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்த ஆட்சேபம் இன்றைய காவிரிக்கு அப்படியே பொருந்துவது வியப்பானது. இப்போது ஆற்றின் குறுக்கே அடைப்புகள் இருக்கின்றன; கட்டியது மனிதன். கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்ட பிறகு மேட்டூருக்கு வரும் நீர், அன்று பெய்த மழையின் அளவும் அல்ல, இயற்கை ஆறு கொண்டுவந்திருக்கக்கூடிய அளவும் அல்ல. அணை காலியாக இருக்கும்போது வரும் பெருவெள்ளம் உள்ளேயே அடங்கிவிடும். நிரம்பியிருக்கும்போது வரும் நடுத்தர வெள்ளம் அப்படியே 16 கண் மதகு வழியாகக் கீழே போகும். அணை கட்டியதற்குப் பிந்திய பதிவில் உள்ள எண்களை, மேலே பெய்ததன் நேரடி அடையாளமாக எடுத்துக்கொள்வது எதிர்வாதி சொன்ன குற்றத்தில் விழுவதாகும். ஒவ்வோர் அணையிலும் எவ்வளவு தேங்கியது என்று கூட்டிக் கழித்து, அணை இல்லாதிருந்தால் ஆறு எப்படி ஓடியிருக்கும் என்று மீட்டெடுத்த பிறகே வரிசைப்படுத்த வேண்டும். மழையின் போக்கே மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் கடந்த காலத்தை எதிர்காலத்துக்கு அளவாக வைப்பது தகாது என்று மில்லியும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பைக்குள் இருக்கும் கொட்டைகளின் எண்ணிக்கையே மாறுகிறது என்பது அவர்களின் வாதம்.

அதே 27ஆம் காதையில் பேசும் பூதவாதி அனுமானத்தையே ஏற்பதில்லை. கண்ணால் காண்பதே அறிவு, மற்றது அழியக்கூடியது என்பது அவன் கட்சி. உலகாயதரின் இந்த வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. இதுவரை இப்படி இருந்தது என்பதிலிருந்து இனியும் இப்படியே இருக்கும் என்பதை எந்தக் கயிறு கட்டுகிறது? ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டில் கேட்டதும் இதே கேள்விதான். பத்தாம் நூற்றாண்டின் நியாய அறிஞர் உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் தந்த விடை, சந்தேகத்துக்குச் செயல் எல்லை கட்டுகிறது என்பது. புகை கண்டால் நெருப்பு என்பதை வாயால் மறுப்பவனும், சமைக்க வேண்டியபோது நெருப்பைத்தான் தேடிப் போகிறான். தன் செயலுக்கே முரணாகும் இடத்தில் அவன் சந்தேகம் நின்றுவிடுகிறது. வெள்ள மதிப்பீட்டை நம்பாதவரும் வீடு கட்டும்போது ஆற்றுக்குள் அடித்தளம் போடுவதில்லை, சற்று மேட்டில்தான் போடுகிறார். எந்த மேடு என்பதை முடிவு செய்யும்போதே அவர் மனத்தில் ஒரு மறுவரவுக் காலம், அதாவது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு, இருக்கிறது. அது சொல்லப்படாத எண், அவ்வளவே.

அந்த எண் ஆற்றில் இருக்கிறதா, நம் அறிவில் இருக்கிறதா என்பது இருபதாம் நூற்றாண்டு முழுதும் ஓடிய சண்டை. ஒரே வகையான நிகழ்ச்சி எல்லையின்றித் திரும்பத் திரும்ப நடக்கும்போது கிடைக்கும் விகிதமே நிகழ்தகவு என்றார் ரிச்சர்ட் ஃபான் மிசஸ். அறிகிறவனின் நம்பிக்கையின் அளவே நிகழ்தகவு, அறிகிறவன் இல்லாமல் அது இல்லை என்றார் புருனோ டி ஃபினெட்டி. காவிரிக்கு முன்னவரின் இலக்கணம் பொருந்துவது கடினம். அணையோடும் மணல் அள்ளலோடும் புதிய மழையோடும் ஆண்டுக்கு ஆண்டு வேறாகிவரும் ஓர் ஆறு எல்லையின்றித் திரும்ப நடக்கும் ஒரே நிகழ்ச்சி ஆகாது. அதற்காகப் பின்னவர் வழியில் எண்ணை ஆளுக்கொன்றாக விட்டுவிடவும் முடியாது. இரு பொறியாளர் ஒரே பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒத்த முடிவுக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. ஆறு தந்த சான்றும் அதைப் படிக்கிறவரின் தீர்ப்பும் சேர்ந்ததே அந்த எண் என்று கொள்வதுதான் நியாயம். எனவே ஒரு தனி எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்ற அகலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 90 ஆண்டுப் பதிவிலிருந்து 1000 ஆண்டு வெள்ளத்தைச் சொல்லும்போது அந்த அகலம் மிகப் பெரிதாகவே இருக்கும்.

வெள்ளத்தைத் தெய்வத்தின் கோபமாகப் பார்க்கும் பார்வைக்கும் மணிமேகலையே சான்று. காவிரி கடலில் சேரும் இடத்தில் இருந்த பூம்புகாரைக் கடல் கொண்டதற்கு, இந்திர விழாவைச் செய்யாமல் விட்டதைக் காரணமாகச் சொல்கிறது அந்தக் காப்பியம். அதே காப்பியத்தில் பேசும் ஆசீவகன், வருவது எல்லாம் நியதிப்படி வரும், யார் செய்வதாலும் மாறாது என்கிறான். கோபம் என்றால் பரிகாரம் செய்யலாம். நியதி என்றால் எதுவும் செய்ய முடியாது. இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு: கணக்குக்கு வேலை இல்லை. ஆனால் தமிழ்ச் சமய மரபு இந்த இரண்டோடு நின்றுவிட்டது என்று எண்ணுவது தவறு. திருக்குறள் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை ஒதுக்கி அதன் வலிமையை ஒத்துக்கொள்கிறது. 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பேசி, முயற்சிக்கு அதற்குரிய இடத்தைத் தருகிறது.

இதைவிடத் தெளிவான சான்று பிட்டுக்கு மண் சுமந்த கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வைகையைப் பெருகச் செய்பவன் சொக்கநாதனே. மணிவாசகரைப் பாண்டியன் துன்புறுத்தியதற்கு எழுந்த வெள்ளம் அது. ஐயத்துக்கு இடமில்லாத தெய்வச் செயல். அதற்குப் பாண்டிய நாடு என்ன செய்தது? கரையை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டது. ஆளில்லாத பிட்டு வாணிச்சி வந்திக்கும் பங்கு உண்டு. அவளுடைய பங்கை அடைக்கக் கூலியாளாக வந்தவன் வெள்ளத்தை அனுப்பிய அதே இறைவன். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று விழுந்த பிரம்படி அரசன் உட்பட எல்லார் முதுகிலும் பட்டது. வெள்ளம் எங்கிருந்து வந்தாலும் கரை கட்டுவது மனிதர் பொறுப்பு, அதில் ஏழைக் கிழவியின் பங்கு விடுபட்டால் அடி எல்லாருக்கும் என்று அந்தக் கதை சொல்கிறது. வெள்ள மதிப்பீட்டுக்கு இதைவிட நல்ல சமய அடிப்படையைத் தேட வேண்டியதில்லை.

பெருக்கு முழுதும் கேடு என்றும் இந்த மரபு சொன்னதில்லை. ஆடி 18இல் காவிரியின் புதுவெள்ளத்துக்குக் காப்பரிசியும் காதோலை கருகமணியும் படைக்கிறார்கள். சுவாமிமலைச் சிற்பிகளின் பட்டறையில் பெருக்கின் கொடை கைக்கு எட்டும் பொருளாக இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரிக் கரையின் வண்டல் மண். மாவு போலக் குழைத்த அந்த மண் மெழுகு உருவத்தின் விரல் நகத்தையும் கழுத்து மணியையும் அப்படியே பற்றிக்கொள்ளும். காய்ந்ததும் மேலே கனத்த மண் பூச்சு, கம்பிக் கட்டு, பிறகு சூடாக்கி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் கருவைத் தட்டி உடைத்தால் உள்ளே நடராசர். இவ்வளவு மென்மையான மண் எங்கெங்கும் கிடைப்பதில்லை; கரை புரண்ட வெள்ளம் வேகம் தணிந்து நின்ற இடத்தில் படிந்த மண் அது. வெள்ளம் படிய வைத்த வண்டல் அடுக்குகளைத் தோண்டி, எழுத்துப் பதிவுக்கு முந்திய பெருவெள்ளங்களை எண்ணும் முறை நர்மதை, தபதி போன்ற ஆறுகளில் கையாளப்பட்டிருக்கிறது. ஆறு தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்கிறது, அந்த எழுத்து வண்டலில் இருக்கிறது.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே உள்ள சுவாமிமலை பெருவெள்ளத்தின் முழு வேகத்தைப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் மேலே இருக்கும் ஏற்பாடு. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம், கல்லணையில் திருப்பிவிடப்படும் உபரி இரண்டும் சேர்ந்து வெள்ளத்தில் பெரும்பங்கை வடக்கே கொண்டுபோய்விடுகின்றன. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாயில் பாசனத்துக்கு வேண்டிய அளவே இறங்கும். டெல்டாவின் வயல்களும் கோயில் நகரங்களும் காப்பாற்றப்படுவது கொள்ளிடம் என்ற ஆறு அடியை ஏற்றுக்கொள்வதால். அந்த ஆற்றின் படுகையிலும் திட்டுகளிலும் மக்கள் குடியிருக்கிறார்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களை 2018லும் 2022லும் கொள்ளிடம் சூழ்ந்தது. படகில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை. இந்த ஊர்களின் மறுவரவுக் காலம் நூறாண்டு அல்ல.

எனவே எத்தனை ஆண்டு வெள்ளத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்ற கேள்வி கணிதத்தோடு முடிவதில்லை. யாருக்கு எவ்வளவு காப்பு என்ற நீதிக் கேள்வியாகிறது. 1953 வெள்ளத்தில் 1,800க்கு மேற்பட்டோரை இழந்த நெதர்லாந்து, தன் மையப் பகுதிக் கடல் கரைகளைப் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்ற அளவுக்கு வைக்க முடிவு செய்தது. அமெரிக்கா 1968இல் தொடங்கிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் அணைகளுக்கு 1985இல் வந்த தர விதி, பெரிய அணைகள் நிகழக்கூடிய உச்ச வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்றும், சிறிய அணைகளுக்கு நூறாண்டு வெள்ளம் போதும் என்றும் வகுத்தது. படுகைகளில் எந்த அளவு வெள்ளம் எதுவரை ஏறும் என்று வரைந்து, அதன்படி குடியிருப்பை ஒழுங்கு செய்யும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. சட்டமாக்கியவை மிகச் சில. அணைக்கு ஒரு கண்டிப்பும் அணைக்குக் கீழே வாழும் குடிசைக்கு ஒரு மெத்தனமும் இருப்பது நியாயமில்லை.

வெள்ளத்தின் மறுவரவும் நாசத்தின் மறுவரவும் ஒன்றல்ல என்பதை 2018 ஆகஸ்டு காட்டியது. அந்த மாதம் 22ஆம் தேதி இரவு, ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிக் கட்டிய முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 ஆற்றோடு போயின. அதற்குச் சில நாள் முன்பு, 1928இன் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. அன்று வந்த நீர் 1924இன் பாதிகூட இல்லை, 1961ஐவிடவும் குறைவு. பெரிய வெள்ளத்தைத் தாங்கிய கட்டுமானம் சிறியதில் விழுந்தால், ஆற்றின் வாய்ப்பு மாறாமலே கூட மனிதரின் ஆபத்து ஏறியிருக்கிறது என்று பொருள். வயதான அடித்தளம், தாழ்ந்துபோன ஆற்றுப் படுகை, தள்ளிப்போட்ட பராமரிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மதிப்பீட்டைத் திருத்துவதற்கு மிக மலிவான வழி பதிவை நீட்டிப்பது. மேட்டூர் அணையின் பதிவேட்டை மட்டும் பார்த்தால் கணக்கு 1934இல் தொடங்கும். பத்தே ஆண்டு முன்பு வந்த மிகப் பெரிய வெள்ளம் அதில் இல்லாமலே போகும். அந்த ஒரு வெள்ளத்தைச் சேர்ப்பதாலும் விடுவதாலும் நூறாண்டு வெள்ளத்தின் அளவு வெகுவாக மாறும். கல்லில், சுவரில், பாலத் தூணில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளக் குறியும் இப்படிப் பதிவை நீட்டித் தரும் சான்று. 1924ஐக் கண்ணால் கண்டவர்கள் இப்போது இல்லை. 1961, 1977, 2005 வெள்ளங்களைக் கண்டவர்கள் கொள்ளிடக் கரை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்த வீட்டின் திண்ணை வரை, எந்தக் கோயிலின் எந்தப் படி வரை நீர் ஏறியது என்பது அவர்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் அவர்களை அந்த இடத்துக்கு அழைத்துப் போய், நீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஆண்டும் மாதமும் எழுதி, ஒரு நகலை நீர்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆடிப்பெருக்குக்குள் செய்தால் நல்லது.